வேண்டாம் என்பதற்கு ஒரு கையெழுத்து

அத்தியாயம் 11

ஹல்கொல்ல தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் அந்தச் சனிக்கிழமை பால் வெட்டு இல்லை. விடியும்போது பெய்த மழையில் ரப்பர் மரங்கள் நனைந்துவிட்டன. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய வேலைக் கணக்கில் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. இப்படிப்பட்ட காலைகளில் வேலுசாமி வாசலில் நின்று வானத்தைத் திட்டுவது வழக்கம். இன்று திட்டவில்லை. வெள்ளைச் சட்டையை விரித்துப் பிடித்து, நீலம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க, கல்யாணத்துக்கா போறீங்க?" என்றாள் ஜெயம்மா.

"நாயம் பேசப் போறேன். அழுக்குச் சட்டையோட போனா நாயமும் அழுக்காத் தெரியும்."

நியாயம் இதுதான். லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரர் அந்தனி போன வருஷம், இரண்டாயிரத்து ஒன்றில், எஹெலியகொட டவுன் ஜயமினி ஸ்டோர்ஸில் ஈஸி பேமண்டுக்கு, மாதத் தவணையில், ஒரு டிவி எடுத்தார். ஈஸி பேமண்டில் ஈஸி கடைக்கு, பேமண்ட் நமக்கு. அந்தனிக்குப் பாக்கி விழுந்துவிட்டதாகவும், பிணை நின்ற வேலுசாமி அதைக் கட்ட வேண்டுமென்றும், தவறினால் அவர் வீட்டுத் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போவதாகவும் போன வாரம் கடையிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்திருந்தது.

மெஷின் மகள் சுகந்தினியுடையது. கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள் ஜனவரியில் ஸ்கூலுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அதில்தான் உருவாகின்றன. இப்போது கார்த்திகை மாதம். காம்பராவின் பாதியில் துணியும் மீதியில் குடும்பமும் இருந்தன.

கடிதத்தை வாசித்த நாளிலிருந்து சுகந்தினி அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிணை நின்றதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றதுதான் ஆறவில்லை. கேட்டால் வேலுசாமி ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

"நான் ஒரு தப்பும் செய்யல. எழுத்துல குடுத்திருக்கேன்."

எழுத்தில் கொடுத்ததுதானே பிரச்சினை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு, டவுனுக்குப் போய் மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்தாள். கோர்ட்டுக்குப் போகாமல் இரு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கிற சபை அது. சனிக்கிழமைகளில் டவுன் ஸ்கூலில் கூடும். இன்று விசாரணை.

ஜெயம்மா சோற்றுப் பார்சல்களைப் பேப்பரில் சுற்றி நூல் கட்டினாள். மூன்று பார்சல்.

"நாங்க ரெண்டு பேர்தானம்மா போறோம்?"

"மூணாவது பிரியந்த மாத்தியாவுக்கு."

சுகந்தினி அம்மாவைப் பார்த்தாள். மாத்தியா என்று அம்மா மரியாதை கொடுக்கிற பிரியந்த, கடைக்குக் காசு சேர்க்கிற பையன். மெஷினை ஏற்றப் போகிறவன்.

"பாவம்டி. கொழும்புப் பக்கமிருந்து வந்து தனியா ரூம்ல இருக்கான். சமைக்க ஆளில்ல."

ஜெயம்மா வாசலுக்கு வந்த யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவள். உண்டியல் குலுக்க வருகிறவர்கள் கீழ்ப்பிரிவில் முதலில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருமுறை தட்டி, இரண்டாம் முறை தட்ட நேர்ந்ததில்லை.

"அந்தப் பையன் பைலெல்லாம் கொண்டாருவானா?" என்று நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கொண்டாரத்தானே வேணும்? ஏன்?"

"சும்மாதான். மழைல நனஞ்சிறப் போவுது."

*

வேலுசாமிக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். வாசிக்கவும் வரும் என்பது அவருடைய கட்சி. அவர் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சிங்களம் சொல்லித்தர யாருமில்லை. அவர் எழுத்துகளைப் பஸ் போர்டுகளிலிருந்து கற்றுக்கொண்டார். இரத்தினபுரி பஸ்ஸிலிருந்து ர, குருவிட்ட பஸ்ஸிலிருந்து கு, எஹெலியகொட பஸ்ஸிலிருந்து எ. அவருடைய அரிச்சுவடி டிப்போவில் அச்சானது. பஸ் ஓடாத ஊர்களின் எழுத்து அவருக்குத் தெரியாது.

இன்றும் பஸ் வளைவு திரும்பியதும் போர்டை உரக்க வாசித்துவிட்டுத்தான் ஏறினார். சுகந்தினி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பாதி வழிவரை பேசவில்லை. பிறகு அவளாலேயே முடியவில்லை.

"எதுக்குப்பா அந்தக் கையெழுத்தப் போட்டீங்க?"

"வேற என்னா செய்ய? அந்தப் பையன் விடல."

"விடலன்னா போட்டுருவீங்களா?"

"போட்டாத்தானே விடுவான்?"

"எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?"

"இதுல கேக்க என்னா இருக்கு? நம்ம வீட்டு நெலம எனக்குத் தெரியாதா? நல்லா யோசிச்சுத்தான் போட்டேன். இன்னைக்கி வந்து நீட்டுனாலும் போடுவேன்."

சுகந்தினி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள். வெளியே வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், நனைந்த சிரட்டையோடு, அவள் பக்கம் பேசுவதுபோல் தலையாட்டிக்கொண்டு போயின.

*

சபை கூடுகிற அறை முதலாம் வகுப்பு. வழக்காளிகள் ஆறு வயதுக்காரர்களின் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய முழங்காலும் தாடையருகே இருந்தது. அந்த நிலையில் ஒருவரை ஒருவர் மிரட்டுவது கஷ்டம். சபையின் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவர்கள் முறை வர நேரம் இருந்தது. வேலுசாமி எழுந்து சுவரில் தொங்கிய சிங்கள அரிச்சுவடிப் படத்தின் முன்னால் போய் நின்றார். பஸ் இல்லாமலே இவ்வளவு எழுத்துகளை ஒரே இடத்தில் அவர் பார்த்ததில்லை.

"சுகந்தி, இந்தா பாரு. எ. எஹெலியகொட எ."

"ம்."

"கீழ யானப் படம் போட்டிருக்கான். யானைக்கு அலியான்னுதானே சொல்லுவாங்க? எதுக்கு எ போட்டான்?"

சுகந்தினி சலிப்போடு எழுந்து வந்தாள். "அது தந்தம் வச்ச யானை. அதுக்கு வேற பேரு. அந்த எழுத்து எ இல்லப்பா."

"எஹெலியகொட பஸ்ல இதுதானே மொத எழுத்து?"

"ஆமா. நாமதான் அத தமிழ்ல 'எ'ன்னு எழுதுறோம். அவங்களுக்கு எ வேற. இந்தா, இங்க ஆட்டுப் படத்துக்கு மேல இருக்கு பாருங்க. எளுவா. இதுதான் எ. யானை எழுத்துக்கு வாய நல்லா அகலமாத் தொறக்கணும்." திறந்து காட்டினாள். "ஆடு கத்துற மாதிரி."

"ஆடு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஆடு அந்தப் பக்கம்தான். ஆனா யானைக்குத்தான் ஆடு மாதிரி கத்தணும்."

"சிங்களம் கஷ்டம்தான்" என்று வேலுசாமி முதல்முறையாக ஒப்புக்கொண்டார். யானையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப, எப்பா?"

"எந்த எப்பா?"

"வேண்டாம்னு சொல்லுவம்ல, எப்பா. அதுக்கு எந்த எழுத்து? யானையா, ஆடா?"

"ஆடு."

வேலுசாமி யானைப் படத்தின்மேல் விரலை வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட பாரத்துல யானைதான் இருந்திச்சி" என்றார் கடைசியில்.

சுகந்தினிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மெதுவாக, அரிச்சுவடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். கடை வேன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்த நாள். அந்தனி டிவிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பிரியந்த அடுத்ததாக வேலுசாமியைப் பிடித்துக்கொண்டான். பிரிஜ் வேண்டுமா, காற்றாடி வேண்டுமா, ரேடியோ வேண்டுமா.

"எப்பா மாத்தியா, எப்பான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிருச்சி. ஒன் மெஷினுக்கு மோட்டர் பூட்டித் தாரேன்னான். நீகூட உள்ள இருந்து எப்பான்னு கத்துன. ஞாபகம் இருக்கா?"

"கத்துனேன்."

"கடைசில சிரிச்சிக்கிட்டே பாரத்த நீட்டி, இங்க அத்சன், கையெழுத்து, போடுங்கன்னு வெரல வச்சான். மேல என்னான்னு எழுத்துக் கூட்டிப் பாத்தேன். எ, ப. பொறகு கரு. கருன்னா நம்ம காரன் மாதிரிதானே? கடைக்காரன், வேலைக்காரன். எப்பாக்காரன். வேண்டாம்னு சொன்னவன்."

சுகந்தினியின் உதடு துடிக்கத் தொடங்கியது.

"வேண்டாம்னு சொல்றவங்க இங்க கையெழுத்து போடணும் போலன்னு நெனச்சேன். இவன் எல்லா வீட்டுலயும் கேட்டானான்னு முதலாளிக்குக் காட்ட வேணாமா? அதான் போட்டேன். அத்தோட விட்டுட்டான்ல? கடுதாசி வந்தப்பவும் மொத வரியிலேயே அதே எழுத்து. நான் வேண்டாம்னு சொன்னவன்தான்னு அவங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்களேன்னு எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திச்சி."

யானை எழுத்தில் எழுதிய எபகரு என்றால் பிணையாளி. பிணைக்கும் வேண்டாம் என்பதற்கும் இடையில் சிங்களத்தில் ஒரு யானை நிற்கிறது. அது தெரியாமல் ஒரு மனிதர் ஒரு வருஷமாக, ஈஸி பேமண்டை எழுத்தில் மறுத்த ஒரே ஆள் என்று லயத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார்.

சுகந்தினி தாவணி முனையை வாயில் வைத்து அமுக்கினாள். பயனில்லை. சிரிப்பு கண்வழியாக வந்தது. பக்கத்தில் வேலித் தகராறுக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிரி சிரி. ஒங்கொப்பன் மானம் எஹெலியகொட பஸ்ல போவுது."

"இல்லப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். ஒரு வாரக் கோபம் அந்தக் காலரோடு மடிந்தது. "எங்ககிட்டச் சொல்லாம பிணை நின்னுட்டீங்கன்னுதான் கோவம். நிக்கவே இல்லையே நீங்க! இத அப்படியே சபையில இருக்குற மிஸ்கிட்டச் சொல்லுங்க. வாசிச்சுக் காட்டாம, தெரியாத பாஷையில கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. மெஷின் தப்பிச்சிரும்."

"எப்பான்னு நெனச்சேன்னு சொல்லணுமா? எல்லாருக்கும் முன்னாலயா?"

"வெக்கமா, மெஷினா?"

வேலுசாமி யானையைப் பார்த்தார். "சொல்லிர்றேன்" என்றார்.

*

அந்தனி அடுத்த பஸ்ஸில் வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் தயங்கி நின்றுவிட்டு, வேலுசாமியின் பக்கத்துச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதம் வந்த நாளிலிருந்து அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. குழாயடிக்குக்கூட லயத்தின் பின்பக்கமாகச் சுற்றித்தான் போனார்.

"மச்சான்" என்றார் தரையைப் பார்த்தபடி.

"ம்."

"மூஞ்சியக் காட்ட முடியல எனக்கு. நீ போட்ட கையெழுத்துக்கு நான் இப்பிடிப் பண்ணிட்டேன்."

"சரி விடு."

"விட முடியாது மச்சான். அன்னைக்கி வேன் வரும்போது நான் எத்தன பேர்கிட்ட கேட்டிருந்தேன் தெரியுமா? எங்க அண்ணங்கிட்ட கேட்டேன். வயித்து வலின்னு படுத்துட்டான். கோயில்ல பக்கத்துல முழங்கால் போடுறவன்கிட்ட கேட்டேன், வரக்காப்பொலைக்குப் போறேன்னான். இன்னும் போவல. ஒங்கிட்ட நான் கேக்கவே இல்ல. நெலம தெரியும், எப்பிடிக் கேக்குறதுன்னு பேசாம இருந்தேன். நீ கேக்காமயே போட்ட. அதுவும் சிரிச்சிக்கிட்டே போட்ட."

சுகந்தினி சுவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல தெரேசம்மா அன்னைக்கி முழுக்க அழுதிச்சி. ஒறவுக்காரனெல்லாம் ஓடிட்டான், வேலு அண்ணன் நின்னுச்சேன்னு. இன்னைக்கி வரைக்கும் செவமால சொல்லி முடிக்கும்போது ஒன் பேரையும் சேத்துக்கிது."

 வேலுசாமியின் மனசுக்குள் ஒரு வருஷம் பின்னோக்கி ஓடியது. கிறிஸ்மஸுக்கு உடுத்திக்கொள்ள அந்தனி கொண்டுவந்து கொடுத்த புதுச் சாரம். கிரிக்கெட் மேட்ச் நாளில் டிவிக்கு நேர் எதிரே போட்டு, மற்றவர்களை உட்காரவிடாமல் தனக்கென்று காத்து வைத்த நாற்காலி. ஜெயம்மா காய்ச்சலில் கிடந்தபோது சொல்லாமலே நிரம்பியிருந்த தண்ணீர் வாளிகள். அந்தனி வீட்டில் கேக் வெட்டும்போதெல்லாம் தனக்கு வந்த ஓரத்துண்டு, ஐசிங் அதிகம் உள்ளது.

எல்லாம் அந்த யானை எழுத்துக்கு வந்தது. ஆடு எழுத்துக்கு வரவில்லை.

*

"ஜயமினி ஸ்டோர்ஸ்! ஹல்கொல்ல!" என்று அழைப்பு வந்தது.

சபையில் குணவதி மிஸ் நடுவில் இருந்தார். ஓய்வுபெற்ற ஸ்கூல் அதிபர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் பெரியவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்தில் கபூர் நானா. டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், தமிழுக்கும் சிங்களத்துக்கும் இடையில் பாலமாக இருக்கச் சபையில் போட்டிருந்தார்கள். எதிரே பிரியந்த, மடியில் பைலுடன், ஜெயம்மாவின் சோற்றுப் பார்சலைப் பைலுக்கு மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு.

பிரியந்த கணக்கைச் சிங்களத்தில் வாசித்தான். கபூர் நானா தமிழில் சொன்னார். டிவியின் விலை. வட்டி. காப்புறுதி. ஒவ்வொரு மாதமும் பிந்திக் கட்டிய தண்டப்பணம். ஒவ்வொரு மாதமும் வருகைக் கட்டணம்.

"வருகைன்னா? யாரோட வருகை?" என்றார் அந்தனி.

"பிரியந்த மாத்தியாட வருகை" என்றார் கபூர் நானா.

"அவரு வாறதுக்கா காசு? நாங்க டீ குடுத்தமே! சீனி போட்டுக் குடுத்தமே!"

குணவதி மிஸ் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் சிரித்துவிட்டு, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். பிரியந்தவின் காது சிவந்தது. "நான் எழுதல மிஸ். கொந்தராத்துல இருக்கு" என்றான்.

"அந்த ஒப்பந்தத்தின் பிரதியை இவர்களுக்குக் கொடுத்தீர்களா?"

"கடையில இருக்கு மிஸ். கேட்டா காட்டுவோம்."

"தமிழில்?"

பிரியந்த பார்சலின் நூலைச் சரிசெய்தான்.

சுகந்தினி எழுந்தாள். எழுந்தபோது சின்ன நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? மாசா மாசம் எந்தத் தேதிக்குள்ள கட்டணும்?"

"எட்டாந்தேதி, நங்கி" என்று அவனும் தங்கை முறை சொன்னான்.

"தோட்டத்துல எட்டாந்தேதி சம்பளம் போடுற தொர யாரையாவது தெரியுமா ஒங்களுக்கு?"

பிரியந்த கபூர் நானாவைப் பார்த்தான்.

"பத்தாந்தேதிதான் சம்பளம். அது ஒங்களுக்கும் தெரியும். எட்டாந்தேதி வந்து டீ குடிச்சிட்டு, காசு இல்லன்னு எழுதிக்கிறீங்க. பத்தாந்தேதி பின்னேரம் திரும்பி வந்து வாங்கிக்கிறீங்க. அதுக்கு ரெண்டு நாள் பிந்துன தண்டம். வந்ததுக்கு வேற காசு. அந்தனி மாமா ஒரு மாசம்கூடக் கட்டாம இருக்கல. கட்டுனதெல்லாம் தண்டத்துக்குப் போயிருச்சி, டிவிக்குப் போவல."

கபூர் நானா இதைச் சிங்களத்தில் சொல்லும்போது, எதுவும் விட்டுப்போகாமல் சொன்னார். கடைசியில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். "என்ட கடையிலயும் தோட்டத்துக் கடன் இருக்கு மிஸ். எல்லாரும் பத்தாந்தேதிக்குப் பொறகுதான் தருவாங்க. எட்டாந்தேதி கேக்குற யாவாரி ஒண்ணு புதுசு, இல்லாட்டி கெட்டிக்காரன்."

மிஸ் எதையோ எழுதினார். நிறைய எழுதினார். பிறகு கேட்டார்: "தையல் மெஷினை ஏற்றுவோம் என்று எழுதியது யார்? கோர்ட் கட்டளை இல்லாமல் அடுத்தவர் வீட்டுப் பொருளில் கை வைக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"அது சும்மா பயமுறுத்த மிஸ்" என்றான் பிரியந்த உண்மையாக.

"சரி. இப்போது பிணையாளி."

வேலுசாமி எழுந்தார். நீலம் போட்ட சட்டை நிமிர்ந்து நின்றது. கபூர் நானா அவர் பக்கம் சாய்ந்தார்.

"வேலு, மிஸ் கேக்குறாங்க. கையெழுத்து போடும்போது இது அந்தனிக்குப் பிணைன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரியாதுன்னா அது வேற மாதிரிப் போகும்."

 ஒரு பக்கம் சுகந்தினி, கண்ணாலேயே 'சொல்லுங்கப்பா' என்றாள். மறுபக்கம் அந்தனி, கேள்வியே தேவையில்லை என்பதுபோல, பெருமையோடு நண்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்கா தெரியாது?

வேலுசாமி சுவரைப் பார்த்தார். யானை தந்தத்தோடு நின்றது. ஆடு சும்மா நின்றது.

"நானா, அந்தப் பாரத்த எனக்கு யாரும் வாசிச்சுக் காட்டல. அது தமிழ்ல இல்ல. எட்டாந்தேதின்னு சொல்லல, வாறதுக்குக் காசுன்னு சொல்லல, மெஷினத் தூக்குவோம்னு சொல்லல. அதுக்கெல்லாம் நான் பிணை இல்ல. எழுதிக்கச் சொல்லுங்க."

கபூர் நானா சொன்னார். மிஸ் எழுதினார்.

"அந்தனிக்கு நிப்பியான்னு கேட்டா நிப்பேன். அன்னைக்கிக் கேட்டிருந்தாலும் நின்னுருப்பேன். அதுக்குப் பாரம் எதுக்கு? நான் அவனுக்குத்தான் பிணை, கடைக்கு இல்ல."

கபூர் நானா இதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் வேலுசாமியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்தனி குடையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து ஆராய்ந்தார். அதில் ஒன்றுமில்லை.

சுகந்தினிக்குக் கோபம் வர வேண்டும். அவள் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அப்பா பொய்யும் சொல்லவில்லை, எப்பாவும் சொல்லவில்லை. பஸ் போர்டில் படித்த மனிதருக்கு இது நல்ல தேர்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சபை சொன்னதைக் கபூர் நானா ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்டமும் வருகைக் கட்டணமும் இல்லாத புதுக் கணக்கைக் கடை அடுத்த சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். தமிழில் கொண்டுவர வேண்டும். தவணைத் தேதி சம்பளத்துக்குப் பிறகு வருகிற மாதிரிக் கடை முதலாளியோடு பேச வேண்டும். அதுவரை மெஷின் இருக்கிற இடத்தில் இருக்கும். பிரியந்த எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். முதலாளி தலையாட்டுவாரா என்பது வேறு விஷயம்.

குணவதி மிஸ் கொந்தராத்தின் அசலை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இரண்டாவது பிணையாளி ஏன் வரவில்லை?"

"ரெண்டாவதா?" என்றார் அந்தனி.

"ஈஸி பேமண்டுக்கு ரெண்டு பேர் வேணும்" என்றான் பிரியந்த.

மிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "வேலுசாமி சுகந்தினி."

சுகந்தினி மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள். வேலுசாமி பார்க்கத் தகுந்த வேறு எழுத்தைச் சுவரில் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"நீயும் எப்பான்னுதானே கத்துன?" என்றார் அவர், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கையில துணியோட இருந்த. எதுக்குத் தொந்தரவுன்னு ஒனக்கும் சேத்து நானே போட்டுட்டேன்."

கபூர் நானா இதை மொழிபெயர்க்கவில்லை. மிஸ் கேட்டபோது, "குடும்ப விஷயம்" என்றார். மிஸ் ஒரே கையால் போட்ட இரண்டு கையெழுத்துகளையும் ஒப்பிட்டு, அந்தப் பெயரின் அடியில் ஒரு கோடு போட்டு, பிரியந்தவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மகளுடைய கையெழுத்தை அப்பா போட்டாரா? நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அடுத்த சனிக்கிழமை முதலாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

*

மழை விடவில்லை. பஸ் வரும்வரை எல்லோரும் ஸ்கூல் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். சண்டை நாற்காலிகளோடு முடிந்துவிட்டதால் பிரியந்தவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தனியும் வேலுசாமியும் ஒரே குடையின் கீழ், கூரை இருக்கும்போதே, குடையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏனென்று அவர்களைக் கேட்கத்தான் வேண்டும்.

"இன்னும் யாருக்கெல்லாம் வேண்டாம்னு போட்டுக் குடுத்தீங்கப்பா? இப்பவே சொல்லிருங்க."

"ஒனக்கும் எனக்கும்தான். சத்தியமா. அம்மா அன்னைக்கி வீட்டுல இல்ல. தண்ணி எடுக்கப் போயிருந்தா."

சுகந்தினி பெருமூச்சு விட்டாள். "நல்ல வேள."

"அவ வாற வரைக்கும் மாத்தியா இருந்து டீ குடிச்சிட்டுத்தான் போனாரு."

சுகந்தினியின் பெருமூச்சு பாதியில் நின்றது. எப்பா என்ற சொல்லே வாயில் வராத ஒருத்தி கீழ்ப்பிரிவில் இருக்கிறாள் என்றால், அது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"பிரியந்த அண்ணே, எங்கம்மா ஏதாவது எடுத்தாங்களா?"

பிரியந்த பைலை மடியிலிருந்து இந்தப் பக்கம் மாற்றினான். பிறகு அந்தப் பக்கம் மாற்றினான்.

"அம்மாட கணக்கு வேற, நங்கி" என்றான். "அது இந்தக் கேஸ்ல இல்ல. அம்மா ஒழுங்காக் கட்றாங்க."

சொல்லிவிட்டு, சங்கடத்தில் செய்ய வேறு எதுவும் இல்லாததால், சோற்றுப் பார்சலின் நூலை அவிழ்த்தான். சோறு, பருப்பு, கருவாடு. நடுவில், தோல் உரித்து, இரண்டாக வெட்டி, மிளகு தூவிய ஒரு முழு முட்டை.

காலையில் அம்மா பைலைப் பற்றிக் கேட்டது மழைக்காக இல்லை என்று நினைத்துக்கொண்டே சுகந்தினி தன் பார்சலைப் பிரித்தாள். முட்டை இல்லை. அப்பாவின் பார்சலையும் வாங்கிப் பிரித்தாள். அதிலும் இல்லை.